செவ்வாய்க்கிழமை மண்டபம்

செவிலிமேடு,
காஞ்சிபுரம்.
18.6.2024

அன்புள்ள புவனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்காகத் தபாலில் எழுதுகிறாள் என்று கவரைப் பார்த்ததும் பயந்திருப்பாய். பயப்படும்படி ஒன்றும் இல்லை. போனில் உன்னிடம் மனம்விட்டுப் பேச முடியவில்லை, அவ்வளவுதான். உன் பெயரைக் கேட்டதுமே உன் தம்பி ஓடி வந்து என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறான். "புவா இன்னா சொல்து? புவா இன்னா சொல்து?" என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் கேட்கிறான். அவனைப் பற்றி ஏதாவது சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. இருபத்தொன்பது வயது ஆம்பளை. பேச்சுதான் கொஞ்சம், புரிய வேண்டியதெல்லாம் புரிகிறது. அவன் எதிரில் அவனைப் பற்றிக் கவலைப்படாதே என்று அப்பா எப்போதும் சொல்வார். அதனால் மதியம் அவன் தூங்கும்போது எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தறிக்குத் தார் சுற்றிச் சுற்றி விரல் மரத்துப்போயிருக்கிறது.

அப்பா போய் ஐந்து மாதம் ஆகப்போகிறது. குமார் இன்னும் சாயந்திரம் கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறான். தெருவில் எந்த வண்டி வந்தாலும் எழுந்து கேட்டைத் திறக்கிறான். வண்டி தாண்டிப் போனதும் மூடுகிறான். நான் கூப்பிட்டால் வருவதில்லை. கொசு கடித்துக் கால் முழுக்கத் தடிப்பு.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். எனக்கு அவனுக்குச் சவரம் செய்யத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அவனை முற்றத்தில் உட்காரவைத்து, கதை பேசிக்கொண்டே செய்துவிடுவார். கடைக்குக் கூட்டிப் போனால் கத்தியைப் பார்த்ததும் கையைத் தட்டிவிடுகிறான். தாடியோடு அவனைப் பார்த்து எதிர்வீட்டுக் குழந்தை அழுதது. அதைப் பார்த்து இவன் அழுதான்.

டீக்கடை, நெசவாளர் சொசைட்டி, வரதர் கோயில் கருட சேவை என்று அப்பா வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாத இடம் இல்லை. ஊரே குமாரை விசாரிக்கும். இப்போதுதான் தெரிகிறது, ஊருக்கு அப்பாவைத்தான் தெரிந்திருந்தது.

போன வாரம் குமாரின் மாற்றுத்திறனாளி அட்டை புதுப்பிக்கக் கலெக்டர் ஆபீஸ் முகாமுக்குப் போனோம். எங்களுக்குப் பக்கத்தில் ஓர் அம்மாவும் சக்கர நாற்காலியில் ஒரு பெண்ணும். பிறக்கும்போதே கைகால் முறுக்கிக்கொண்ட பெண், உன்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். அவள் என்னவோ சொன்னாள், எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. இவன் எழுந்து போய் பைப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தான். "தண்ணி கேக்குது" என்றான். அந்த அம்மா அவனையே பார்த்தாள். "எங்க வூட்டு ஆளுங்களுக்கே இவ பேசறது பாதிதான் புரியும்க்கா" என்றாள். பெயர் ஷஹர்பானு, பானு என்றே கூப்பிடச் சொன்னாள். பெண் நஸ்னீன். வீடு எங்கே தெரியுமா? நம் தெருவுக்கு மூன்றாவது தெரு. இத்தனை வருஷமாக ஒரே தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்திருக்கிறோம், ஒருவரையொருவர் தெரியாது. அவரவர் பிள்ளையை வைத்துக்கொண்டு அவரவர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் அம்மா
இந்திராணி


புனே
27.6.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நானும் அப்படியே எழுதுகிறேன். எனக்கும் போனில் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது.

இங்கே ஊருக்கு வெளியே, எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு இல்லம் இருக்கிறது. குமார் மாதிரி பெரியவர்கள் தங்குகிற இடம். நானும் தினேஷும் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டோம். சுத்தமாக இருக்கிறது. தோட்ட வேலை செய்கிறார்கள், காகிதப் பை ஒட்டுகிறார்கள். மேரி என்று ஒரு நர்ஸ், திண்டிவனத்துக்காரர், தமிழில் பேசுவார். ஓர் இடம் காலியாகப் போகிறது. நீயும் எங்களோடு வந்துவிடலாம். ஞாயிறுதோறும் அவனைப் போய்ப் பார்க்கலாம்.

உடனே கோபித்துக்கொள்ளாதே. அவனைத் தள்ளிவிடப் பார்க்கிறேன் என்று நினைத்தால் அது அநியாயம். உனக்கு அறுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. அப்பா இருந்தவரை நான் பயந்ததில்லை. இப்போது காஞ்சிபுரம் நம்பர் எது வந்தாலும் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் எடுக்கிறேன். அப்பாவை எடுத்த அன்று பின்கட்டில் பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "இனிமே நீதாம்மா அவனுக்கு" என்றார். நான் தலையாட்டினேன். எப்படி என்று யாரும் சொல்லவில்லை. அந்த "எப்படி"க்குத்தான் நான் விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவனுக்குத் தாடி எடுக்க மெஷின் ஒன்று அனுப்புகிறேன். கத்தி இல்லாதது, பயப்பட மாட்டான்.

அன்புடன்
புவனா


செவிலிமேடு
9.7.2024

அன்புள்ள புவனாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் மடித்தே வைத்திருந்தேன். கோபம் இல்லை. நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மெஷின் வந்தது. அது போடுகிற சத்தத்தில் குமார் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். ஆனால் தாடிப் பிரச்சினை தீர்ந்தது. பானுவின் வீட்டுக்காரர் ரஷீத் பாய் தீர்த்துவைத்தார். காந்தி ரோட்டுக்குப் பின்னால் சூட்கேஸ், பை விற்கிற கடை வைத்திருக்கிறார். உரக்கப் பேசுகிற மனுஷர், பார்த்தால் கோபக்காரர் மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் தன் முகத்தில் சோப்பு நுரை தடவிக்கொண்டார். பிறகு இவன் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தார். இவன் தானே பூசிக்கொண்டான். மூக்கு, காது எல்லாம் நுரை. அவர் தனக்கு ஒரு இழுப்பு, இவனுக்கு ஒரு இழுப்பு என்று மாறி மாறி செய்துகொண்டே வந்தார். முடிந்ததும் குமார் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தான். "அப்பா" என்றான். உங்கள் அப்பா முகம்தான் அவனுக்கு, தாடி போனதும் எனக்கே திடுக்கென்றது.

போன சனிக்கிழமை பானு வீட்டில் ஐந்து குடும்பம் கூடினோம். முகாமில் பார்த்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். ஓரிக்கையிலிருந்து இரண்டு பேர். தென்னேரியிலிருந்து கங்கையம்மாள் என்று ஓர் அம்மா, எழுபது வயதிருக்கும், இரண்டு பஸ் மாறி மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மகன் அருளுக்கு நாற்பது வயது. பார்வையும் இல்லை, பேச்சும் இல்லை. அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே நடக்கிறான். என்ன பேசினோம் என்று கேட்டால் தெரியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். எந்த டாக்டர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவார், எந்த பஸ் கண்டக்டர் நிறுத்தி ஏற்றுவார், வயசுக்கு வந்த பெண்ணை எப்படி மாதாமாதம் கவனிக்கிறார்கள். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் டீ ஆறுவதற்குள் பேசிவிட்டோம். ஒருத்திகூடப் "பாவம்" என்று சொல்லவில்லை. அந்த வார்த்தை காதில் விழாமல் ஒரு சாயந்திரம் கழிந்தது எனக்கு எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

கங்கையம்மாள்தான் ஒரு யோசனை சொன்னாள். "காலைல எய்ந்ததும் ஒரு ரிங்கு வுடு. நான் உனுக்கு, நீ அவளுக்கு. ரிங்கு வர்லன்னா வந்து கதவத் தட்டு. எனக்கு ஒண்ணு ஆனா அருளுக்குச் சொல்லத் தெரியாதும்மா." அப்புறம் பானு சிரித்துவிட்டாள். "உசுரோட கீறேன்னு ஒரு மிஸ்டு காலா?" என்றாள். இப்போது தினமும் காலையில் நான் பானுவுக்கு ஒரு ரிங் விடுகிறேன். காபிக்குப் பால் வைப்பதற்கு முன்னால் அதுதான்.

நீ சொன்ன இல்லம் நல்ல இடமாகத்தான் இருக்கும். நீ பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும். ஆனால் எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு. அவனுக்கு இந்த ஊரில் அப்பா இல்லாமல் ஓர் இடம் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

உன் அம்மா
இந்திராணி


புனே
16.7.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

ரஷீத் பாய்க்கு என் நன்றியைச் சொல். படித்துவிட்டு தினேஷுக்கும் படித்துக் காட்டினேன்.

ஆனால் அம்மா, சனிக்கிழமை சேர்ந்து டீ குடிப்பது வேறு, பொறுப்பு ஏற்பது வேறு. அவர்களுக்கே அவரவர் வீட்டில் ஒருவர் இருக்கிறார். உனக்கு ஒன்று ஆனால் அவர்கள் எத்தனை நாள் குமாரைப் பார்த்துக்கொள்வார்கள்? ஒரு நாள்? இரண்டு நாள்? அதற்குப் பிறகு? இதைக் கேட்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் நான் கெட்டவளாகத் தெரிகிறேன்.

பொங்கல் வரைக்கும் அந்த இடத்தை நமக்காக வைத்திருக்கும்படி மேரி சிஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை உன் இஷ்டம்.

மருந்தை வேளைக்குச் சாப்பிடு.

புவனா


செவிலிமேடு
20.8.2024

அன்புள்ள புவனாவுக்கு,

நீ கெட்டவள் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இந்த ஆடி மாதம் எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபமே கிடைத்தது! பானு வீட்டுக் கூடத்தில் இரண்டு சக்கர நாற்காலிக்கு மேல் திரும்ப முடியவில்லை. ரஷீத் பாய் போய் மெயின் ரோட்டு மண்டபத்துக்காரர் கோதண்டபாணியைப் பார்த்தார். ஆடியில் ஏது கல்யாணம்? பூட்டித்தானே கிடக்கிறது? சாப்பாட்டு ஹாலைச் சனிக்கிழமை சனிக்கிழமை திறந்துவிட்டார். சாய்வாகத் தளம் போட்டு வைத்திருக்கிறார், அண்டா உருட்டுவதற்காக. எங்கள் பிள்ளைகளின் நாற்காலியும் அதில் ஏறிவிடுகிறது. இப்போது ஒன்பது குடும்பம். வீட்டுக்கு ஒரு சாப்பாடு கொண்டுவருகிறோம். எனக்குக் கோயில் இட்லி செய்யச் சொல்லி உத்தரவு. பாட்டு போட்டால் ஒருவன் ஆடுகிறான், ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு அழுகிறாள், உடனே நிறுத்துகிறோம். எங்களுக்குள் சண்டையும் உண்டு. ஓரிக்கைக்காரி ஒருத்தி, ஆடுகிறவனைத் தன் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள் என்றாள். அவளே அடுத்த வாரம் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குமாரின் வேலை நஸ்னீனின் நாற்காலியைத் தள்ளுவது. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவனே எடுத்துக்கொண்டான். அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள், நல்ல வாய். அவள் பேசப் பேச இவன் எங்களுக்கு எடுத்துச் சொல்கிறான். இவனுக்குத் தெரியாத வார்த்தை வந்தால் அவள் வேறு வார்த்தை போட்டுச் சொல்கிறாள்.

இனி எழுதப்போவதை உன்னிடம் மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன். மறைத்தால் நீ எதையும் நம்ப மாட்டாய். ஆடி கடைசிச் சனிக்கிழமை சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் இரண்டு பேரையும் காணோம். சமையல்கட்டுப் பக்கக் கதவு திறந்திருக்கிறது. எனக்கு உயிர் போய்விட்டது. பானு செருப்புகூட இல்லாமல் ஓடினாள். ரஷீத் பாய் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். கடைசியில் செவிலிமேடு பஸ் நிறுத்தத்து வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் பஸ் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். குமார் ஒரு கையில் தன் குச்சி ஐஸ், இன்னொரு கையில் அவள் வாய்க்கு நேராக அவளுடையது. நாற்காலியின் பிரேக்கை மறக்காமல் போட்டிருந்தான்.

ரஷீத் பாய் வண்டியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டுக் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "எவன்டா உன்ன இட்டுக்கினு வரச் சொன்னது?" என்று கத்தினார். குமார் நகரவில்லை. நஸ்னீன் கத்தினாள். எனக்கே ஒவ்வொரு வார்த்தையும் விளங்குகிற மாதிரி கத்தினாள். "நான்! நான்தான் சொன்னேன்! எனக்கு இருபத்தாறு வயசுப்பா. ஐஸ் துன்ன யார கேக்கணும்?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவர் ஓங்கின கையை இறக்க வெகுநேரம் ஆயிற்று. மகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க என் காலை ரிங்குக்குப் பானு பதிலுக்கு ஒரு ரிங் விட்டதோடு சரி, வீட்டுப் பக்கம் வரவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கேட் சத்தம் கேட்டது. ரஷீத் பாய் சவர டப்பாவோடு நிற்கிறார். முற்றத்தில் உட்கார்ந்து நுரை போட்டார். பாதி முகம் முடிந்ததும், "அடுத்த தபா சொல்லிட்டுப் போங்கடா. நான் ஒண்ணும் வாணாங்க மாட்டேன்" என்றார். குமார், "உனுக்கும் ஐஸ்" என்றான். மனுஷர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நுரையா கண்ணீரா எனக்குத் தெரியாது.

ஆவணி பிறந்துவிட்டது, மண்டபம் போய்விடும் என்று எல்லோரும் முகம் தொங்கிப்போய் இருந்தோம். பானுதான் கண்டுபிடித்தாள். "உங்க ஆளுங்க செவ்வாக்கெழமை கல்யாணம் வெக்க மாட்டாங்க இல்லக்கா?" என்றாள். கோதண்டபாணியும் யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இனி எங்கள் கூட்டம் செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் கல்யாணத்துப் பூவெல்லாம் மேடையில் அப்படியே இருக்கும், அதுவும் எங்களுக்குத்தான்.

உன் அம்மா
இந்திராணி


புனே
29.8.2024

அம்மா,

உன் கடிதம் முழுவதும் படித்தேன். நீ எழுதுவதைப் படித்தால் சிரிப்பு வருகிறது, அது உண்மை. ஆனால் மெயின் ரோட்டில், லாரி போகிற இடத்தில், குமார் ஒரு பெண்ணைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது கதையாகிவிட்டது. ஆகியிருந்தால்?

உங்களுக்கெல்லாம் துணிச்சல் வந்திருக்கிறது. எனக்கு வரவில்லை. நான் தீபாவளிக்கு வரும்போது அவனை என்னோடு ஒரு மாதம் கூட்டிவருகிறேன். இல்லத்தைப் பார்க்கட்டும். பிடித்தால் இருக்கட்டும். மூன்று டிக்கெட் போடச் சொல்லி தினேஷிடம் சொல்லிவிட்டேன். தயவுசெய்து மறுக்காதே.

பதில் எழுது.

புவனா


புனே
3.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டாய், அதற்குள் கீழே விழுந்துவிட்டாய். மூன்று வாரம் உன் பக்கத்திலேயே இருந்துவிட்டு வந்து, இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கே இருந்தபோது சொல்ல முடியவில்லை. குமார் பக்கத்தில் இருந்தான் என்பது ஒரு காரணம். சொல்ல வரும்போதெல்லாம் நானே ஏதாவது வேலையை எடுத்துக்கொண்டு எழுந்து போனது இன்னொரு காரணம்.

நீ பின்பக்கம் வழுக்கி விழுந்த காலையில் என்ன நடந்தது என்று பானு ஆன்ட்டி எனக்கு முழுதாகச் சொன்னார்கள். உனக்கு வலியில் பாதி நினைவில்லை என்றாய், அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு உன் ரிங் வரவில்லை. அவர்கள் போன் செய்தார்கள், யாரும் எடுக்கவில்லை. கையிலிருந்த மாவைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தார்களாம். குமார் உன் தலைக்குக் கீழே தலையணை வைத்து, மேலே போர்வை போர்த்தி, முகத்தில் வெயில் படாமல் முறத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். போன் பக்கத்து அறையில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவனுக்கு அதை எடுக்கத் தோன்றவில்லை. அவனுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்திருக்கிறான். தெரியாத ஒன்றுக்குப் பானு ஆன்ட்டி வந்திருக்கிறார்கள்.

நான் விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் உன் இடுப்பு ஆபரேஷனே முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் ஓரிக்கை அக்கா. வீட்டைப் பெருக்கிப் பூட்டிச் சாவியை வைத்திருந்தது இன்னொரு அக்கா. குமார் எங்கே என்று கேட்டதற்கு, "கூடத்துல எங்க வூட்டுக்காரர் பக்கத்துல தூங்கறான், நீ மொதல்ல சாப்டு" என்றார்கள் பானு ஆன்ட்டி. சித்தப்பா வந்து, "போயும் போயும் அவங்க வூட்லயா சாப்டறான்?" என்று இழுத்தாரே, நீ படுத்தபடியே, "நீ இட்டுக்கினு போய்ப் போட்றியா?" என்று கேட்டாயே. அதற்கப்புறம் அவரைக் காணவில்லை!

எத்தனை நாள் பார்த்துக்கொள்வார்கள் என்று உன்னிடம் கேட்டேன். நீ வாக்கர் பிடித்து நடக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் ஒருநாள் தாங்க முடியாமல் ரஷீத் பாயிடமே கேட்டேன், உங்களுக்கு எதற்கு இந்தச் சுமை என்று. அவர் ஷட்டர் பூட்டிக்கொண்டிருந்தார், திரும்பாமலே சொன்னார். "நஸ்னீனுக்கு நாளைக்கி இன்னான்னு நான் நெனைக்காத நாள் இல்லம்மா. முன்ன அத்த நான் தனியா நெனச்சிக்கினு இருந்தேன். இப்ப ஒம்பது வூடு சேர்ந்து நெனைக்குது. எனக்கு ஒண்ணுன்னா உங்கம்மா வருவாங்க. அவங்களால முடியலன்னா கங்கையம்மா. யாரோ ஒர்த்தர் இருப்பாங்க இல்ல?"

தீபாவளிக்குப் போட்ட டிக்கெட்டோடு நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. ஒருநாள் நீ தூங்கும்போது குமாரின் பையை எடுத்துத் துணி அடுக்கினேன். புனே போகலாம், ரயில், பெரிய தோட்டம் என்றெல்லாம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "செவ்வாக்கெழமை வந்துட்லாமா?" என்றான். வர முடியாது, தூரம் என்றேன். அவன் பையிலிருந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்து மறுபடி கொடியில் போட்டான். கோபமே இல்லை. எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து விளக்கினான். "நஸ்னீன் வீல்சேர் யார் தள்றது? அருளுக்குத் தண்ணி யார் குடுக்கறது? எனுக்கு வேல கீது புவா."

அந்தச் செவ்வாய்க்கிழமை நானும் அவனோடு மண்டபத்துக்குப் போனேன். ஓரமாக நின்றேன். ஓர் அம்மா என்னைப் பார்த்து, "நீ யாரோட அக்காம்மா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை வெளியில் யார் கேட்டாலும் பாதியில் குரல் தாழ்ந்துவிடும். அவள் பந்தியில் எந்தப் பக்கம் உட்காருகிறாய் என்று கேட்கிற மாதிரி கேட்டாள். "குமாரோட அக்கா" என்றேன். "ஓ, நம்ம குமாரோட அக்காவா" என்று கத்தினாள். பத்துப் பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் அழுதுகொண்டே வந்தேன். தினேஷ் நிம்மதியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார். நிம்மதி இல்லை அம்மா. பொறாமை. இத்தனை நாள் அவனை எப்படித் தாங்கப்போகிறேன் என்று பயந்தேன். அவன் என் மேல் சாயவே இல்லை என்று தெரிந்ததும் எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. ஸ்டேஷனில் கட்டிக்கொண்டு அழுவான் என்று நினைத்தேன். அவன் கையை ஆட்டிவிட்டு, ரஷீத் பாய் வண்டியில் ஏறுகிற அவசரத்தில் இருந்தான்.

மேரி சிஸ்டரிடம் பேசிவிட்டேன். அந்த இடம் வேறு யாருக்காவது தேவைப்படும், கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். குமாருக்கு என்ன வேண்டும்? எழுது.

அன்புடன்
புவனா


செவிலிமேடு
14.11.2024

என் கண்ணு புவனாவுக்கு,

வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நன்றாக நடக்கிறேன். மழை விட்டால் வாசல் வரை போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

உன் கடிதத்தை நான் மூன்று தரம் படித்தேன். ஸ்டேஷனில் அவன் அழவில்லை என்று எழுதியிருக்கிறாய். வீட்டுக்கு வந்து அன்று ராத்திரி சாப்பிடவில்லை. உன் தலையணையை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தான். செவ்வாய்க்கிழமை வந்ததும் எழுந்து மண்டபத்துக்கு ஓடிவிட்டான். அவனுக்கு நீயும் வேண்டும், அதுவும் வேண்டும். நமக்கெல்லாம் அப்படித்தானே?

நீ எங்கே நிற்பது என்று கேட்டாய். நான் கண்ணை மூடினால் நீ வருவாய், அது எனக்குத் தெரியும். ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் வரும்போது பூட்டின வீட்டுக்கு வர மாட்டாய். பானு இருப்பாள், ஓரிக்கைக்காரிகள் இருப்பார்கள், அடுப்பில் ஏதாவது இருக்கும். அவனுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவான் என்று பத்துப் பேர் உனக்குச் சொல்வார்கள். இவ்வளவுதான் நான் சம்பாதித்து வைத்தது. நீ அவனுக்கு அம்மா ஆக வேண்டாம். அக்காவாகவே இரு. போனில் சண்டை போடு, வரும்போது அவனுக்குப் பிடித்த கலரில் சட்டை வாங்கிவா. அது போதும்.

குமாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். எனக்குத்தான் ஒன்று வேண்டும்.

நீ ஊருக்குப் போன பிறகு எனக்குப் படுத்துக்கொண்டு யோசிப்பதைத் தவிர வேலை இல்லை. குமார் பகலில் பாதி நேரம் பானு வீட்டில். வீடு அமைதியாக இருந்தது. அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நீ கண்ணாடி போட ஆரம்பித்திருக்கிறாய். எப்போதிலிருந்து? நெற்றியில் ஒரு நரை. ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து யாரோ ஒருத்தியோடு மராத்தியில் பேசிப் பேசிச் சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் பெண் இப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி பார்த்தேன். குமாருக்குத் தாடி, குமாருக்கு இல்லம், குமாருக்கு டிக்கெட். குமார் இல்லாமல் உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் கேட்கவில்லை, நீயும் எழுதவில்லை. நம் இரண்டு பேருக்கும் நேரம் இருந்ததில்லை.

இப்போது எனக்கு மதியம் முழுக்க நேரம் இருக்கிறது புவனா. அடுத்த கடிதத்தில் குமாரைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாதே. நீ காலையில் எழுந்து என்ன செய்கிறாய், ஆபீசில் யார் பக்கத்தில் உட்காருகிறாய், எதற்குச் சிரிக்கிறாய், எல்லாம் எழுது. நீளமாக எழுது.

அந்த மராத்திக்காரியின் பெயரிலிருந்து ஆரம்பி.

உன் அம்மா
இந்திராணி